9 வருடம் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைப் பொங்கலுக்குத் திறக்கிறோம்: எதை முதலில் பார்ப்பது?

கொல்லைப்புறம்

வணக்கம். வருகிற பொங்கலுக்குக் குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போகிறோம். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலத்து வீடு, 9 வருடமாகப் பூட்டியே கிடக்கிறது.

முன்கட்டு சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம், தரையில் ஆத்தங்குடிக் கல். பின்கட்டு பிற்பாடு சேர்த்த கான்கிரீட்: சமையல்கட்டு, குளியலறை, கழிப்பறை, மேலே 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. கொல்லையில் உறைகிணறு ஒன்றும், ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள் போட்ட போர் ஒன்றும் உண்டு. ஈபி இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது. சித்தப்பா மகன் வருடம் ஒருமுறை வெளியே புல் வெட்டிவிடுகிறான், உள்ளே யாரும் போனதில்லை.

கூட வருவது 70 வயது அம்மா, சின்னப் பிள்ளைகள் இருவர். அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது, யாரைக் கூப்பிடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டுவீடு

முதல் இரண்டு மூன்று நாள் அங்கே படுக்கிற எண்ணம் வேண்டாம். திருப்பத்தூரிலோ காரைக்குடியிலோ அறை போட்டுவிட்டுப் பகலில் போய்வாருங்கள். கரண்டும் தண்ணீரும் சரியான பிறகு ராத்தங்கல். பூட்டுத் திறக்கிற அன்று அம்மாவும் பிள்ளைகளும் வாசலோடு நிற்கட்டும்.

உள்ளே நுழைகிறபோது தரையைப் பார்க்கிறதற்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். ஒன்பது மழைக்காலம் ஓடு மாற்றாமல் போயிருக்கிறது. நாட்டு ஓடு நகர்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுக்கும், பிறகு அதைத் தாங்கும் கைமரம், கடைசியில் உத்திரம். உத்திரம் எங்கே கெடும் என்றால் நடுவில் இல்லை, சுவருக்குள் நுழைகிற முனையில். ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஏணி போட்டு அந்த முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். நல்ல தேக்கு என்றால் நுனி கூட இறங்காது. அரை அங்குலம் சாதாரணமாக இறங்கினால் அந்த அறைக்கு யாரும் போகக் கூடாது, உடனே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்க்கிற வழக்கமும் உண்டு. உள்ளே கூடான மரம் பொத்தென்று ஒலிக்கும்.

ஓட்டு மேல் நேராகக் காலை வைக்க வேண்டாம். கைமரத்துக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடமாட்டம். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு, நாளைக்குப் போகிறோம் இன்றைக்கு ஆள் பிடிக்கலாம் என்ற கணக்கு அந்தப் பக்கம் நடக்காது. போகிக்கு முந்தின வாரம் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பு. பொங்கலிலிருந்து நாலு நாள் எவரும் வேலைக்கு வரமாட்டார்கள், காணும் பொங்கலன்று சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஊரே போய்விடும். அதனால் மேஸ்திரி, எலக்ட்ரீசியன், மோட்டார் மெக்கானிக் மூவரையும் மார்கழி முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உதிர்ந்த சுவரைப் பார்த்ததும் "சிமெண்ட் பூசிடலாம் சார், பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, அடுத்த மழைக்குள் பூச்சு பாளம்பாளமாக உரிந்து செங்கல்லையும் அரித்துக்கொண்டு வரும். இப்போதைக்குக் கல்சுண்ணாம்பை நீற்றி, ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி இரண்டு கை அடியுங்கள், போதும். பூச்சு வேலையைக் கோடையில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை வைத்துச் செய்யலாம்.

சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். வேர் சுவருக்குள் விரலாகப் பிரிந்திருக்கும், இழுத்தால் நாலு செங்கல் கூடவே வரும். அடியோடு வெட்டிவிட்டு, வேரை எடுப்பதைச் சுவர் வேலையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்நியூட்ரல்

கிளம்புகிறதற்கு முன்னால், இங்கிருந்தே செய்ய வேண்டியது ஒன்று: ஈபி நுகர்வோர் எண்ணைப் போட்டு இணையத்தில் பாக்கி இருக்கிறதா, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரு மாதக் கணக்கில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், ஆகவே பயன்படுத்தாத வீட்டுக்குப் பெரிய பாக்கி இருக்காது என்று நினைப்போம். ஆனால் மீட்டர் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தால் ரீடிங் எடுக்க முடியாமல் பழைய சராசரியை வைத்துப் பில் போட்டிருப்பார்கள். அதைக் கட்டாமல் துண்டித்து, பிறகு மீட்டரையே கழற்றியிருந்தால் மறு இணைப்புக் கிடையாது, புது இணைப்புக்கு மனுப் போட வேண்டும். அது பத்து நாள் விடுமுறைக்குள் முடிகிற காரியமா என்பது அந்தப் பிரிவு அலுவலகத்தைப் பொறுத்தது. அப்பா பெயரை மாற்றுவது அவசரமில்லை, பாக்கி இல்லாமல் இருந்தால் லைன் ஓடும்.

இனி வீட்டில். மெயினைப் போட்டுப் பார்ப்போம் என்று யாரும் கை வைக்கக் கூடாது. போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை வருகிற சர்வீஸ் வயரை லைன்மேன் மட்டும் தொடலாம். மரக்கிளை உரசி அதன் தோல் போயிருக்கிறதா என்று கீழே இருந்து பார்த்து அவரிடம் சொல்லுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் எலக்ட்ரீசியன். அவரிடம் மெக்கர் (வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கிற கருவி) இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். 500 வோல்ட் மெக்கரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போகிறீர்கள், சுண்ணாம்புச் சுவர் ஈரமாக இருக்கும். மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரின் ரப்பர் தோல் தொட்டால் உதிரும். பாதி சர்க்யூட் தேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக முழு வயரிங்கையும் இந்தப் பயணத்தில் மாற்ற நினைக்க வேண்டாம். பழைய வயரிங்கை மெயினோடு கழற்றிவிட்டு, புதிதாக ஒரே ஒரு லைன் இழுங்கள். மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்), அதற்கடுத்து எம்சிபி (லோடு கூடினால் விழுகிற சுவிட்ச்), பிறகு சுவர் மேலேயே பிவிசி கேசிங்கில் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), விளக்குக்கு 1.5 ஸ்கொயர் வயர். நாலு விளக்கு, இரண்டு பிளக், இரண்டு டேபிள் ஃபேன். ஒரு நாள் வேலை. மோட்டாருக்கு மட்டும் தனி லைன்.

எர்த் குழியை மறக்காதீர்கள். கம்பி குழாயில் சேருகிற நட்டு துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். எர்த் இல்லாவிட்டாலும் ஆள் மேல் கசிந்தால் ஆர்சிசிபி விழும், ஆனால் எர்த் சரியாக இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்னாலேயே விழும்.

பழைய சீலிங் ஃபேனை ஓட்ட ஆசைப்பட்டால், முதலில் கொக்கியையும் அதில் குறுக்கே போகிற பின்னையும் பாருங்கள். உளுத்த உத்திரத்தில் கொக்கி திருகியிருந்தால் ஃபேனே வேண்டாம்.

கொல்லைப்புறம்

மிக்க நன்றி அண்ணே. மீட்டர் திண்ணையில்தான் இருக்கிறது, அந்த வகையில் பிரச்சனை இல்லை. தண்ணீர் பற்றிச் சொல்லுங்கள். கிணற்றைத் தூர் வாரச் சொல்லலாமா?

ஊருணி

கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பல வருடம் புழங்காத கிணற்றில் இலை, சருகு மக்கி விஷவாயு அடியில் தேங்கியிருக்கும், மூச்சுக்குக் காற்றும் இருக்காது. இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி இறந்த செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பது போதாது. விளக்கு எரிகிற இடத்திலும் விஷவாயு இருக்கலாம். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது அதைவிட மோசம். இந்தத் தடவை வலையைப் போட்டு மூடி, பிள்ளைகள் எட்டாதபடி செய்துவிடுங்கள். போரை மட்டும் பயன்படுத்துங்கள்.

போர் மோட்டார் 9 வருடம் நின்றிருந்தால் உப்பும் துருவும் பிடித்து, தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் இறுகியிருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பல்லி, எறும்புப் புற்று எல்லாம் எடுத்துவிட்டு, கெபாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் ஸ்டார்ட், ரன் கெபாசிட்டர் இரண்டையும் புதிதாகப் போடுவது நல்லது, பழையதில் எழுதியிருக்கிற அதே அளவு. அப்புறம் ஆம்பியர் மீட்டரில் கண் வைத்து ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 6 முதல் 8 ஆம்பியரில் வந்து நிற்கும். முள் மேலே போய் இறங்காமல் நின்றால் மோட்டார் இறுகியிருக்கிறது, மூன்று விநாடிக்குள் நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டா புடிச்சுக்கும்" என்று ஆறேழு தடவை போடுவதால்தான் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிகிறது. மெக்கானிக் ஸ்டார்ட்டிங் வயரை மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அதற்கும் அசையாவிட்டால் மேலே எடுக்கத்தான் வேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவு, தண்ணீர் இல்லை என்றால் நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே போய்விட்டது, அல்லது குழாய் நடுவில் ஓட்டை. அப்போதும் ஓட்டக் கூடாது, தண்ணீரில்லாமல் சூடேறிப் போய்விடும்.

வருகிற முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். அதைத் தொட்டிக்கு ஏற்றாமல் கொல்லையிலேயே விட்டு, தெளிகிற வரை ஓட்டுங்கள். அதற்குள் ஒருவர் தொட்டியைக் கழுவலாம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் தொட்டி வெளிக்குழாய் சேருகிற இடத்தில் வெடித்திருக்கும், ஆகவே முதலில் கால் தொட்டி மட்டும் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. அடியில் உள்ள கான்கிரீட்டில் கம்பி தெரிகிறதா, பூச்சு உப்பியிருக்கிறதா என்று கீழே நின்று பார்த்த பிறகுதான் முழுக்க நிரப்ப வேண்டும். கம்பி தெரிந்தால் தொட்டியைத் தரையில் இறக்கி வைத்துப் புழங்குங்கள்.

கிருமி நீக்க: தேய்த்துக் கழுவிய தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 170 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாமல் வாளியில் குழைத்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடி, ராத்திரி முழுக்க நிற்கவிட்டுக் காலையில் மொத்தத்தையும் வெளியேற்றுங்கள். கோணி மூட்டையில் திறந்து கிடக்கும் பவுடர் வீரியம் போனது. சீல் பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள்.

கிணறு சுத்தமாகி, பிறகு எப்போதாவது புழங்குவதானால் கணக்கு இது: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 785 (எல்லாம் மீட்டரில்) போட்டால் லிட்டர் வரும். ஒரு மீட்டர் உறையில் மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 2,355 லிட்டர். அன்றாடக் கிருமி நீக்கத்துக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக அந்தக் கிணற்றுக்கு 6 கிராம்தான். அரைக் கிலோவை அள்ளிக் கொட்டுகிற பழக்கம் வேண்டாம்.

குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். போர்த் தண்ணீரை லிட்டர் பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, முடிவு வந்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

வயல்வரப்பு

பாம்பு பற்றி யாரும் எழுதவில்லையே.

பயப்படுத்த எழுதவில்லை, ஆனால் ராத் தங்குவது என்றால் இதுதான் முக்கியம். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், 9 வருடம் பூட்டிய வீட்டில் எலி இல்லாமல் இருக்காது. விறகு அடுக்கு, ஓட்டுக் குவியல், முற்றத்துச் சலதாரைத் தூம்பு, நெல் பத்தாயத்துக்கு அடி, கழிப்பறை மூலை. இந்த இடங்களில் கையை விடாதீர்கள். நீளக் கம்பால் தட்டி, சற்றுப் பொறுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, முட்டு வரை வருகிற பூட்ஸும் தடித்த கையுறையும் போட்ட ஆள் இழுக்கட்டும். மண்ணெண்ணெய், பூண்டு, ஃபினாயில் தெளித்தால் பாம்பு போய்விடும் என்பதை நம்பிப் படுக்காதீர்கள்.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அஜீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108. கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். கட்டுவிரியனுக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

கடி பட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் பலகையோடு கட்டி, நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் போடுகிறார்கள், ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. போவதற்கு முன்னாலேயே உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராத்திரியிலும் டாக்டர் இருக்கிற அரசு மருத்துவமனை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வருவார்கள்.

தென்னை மரத்திலோ ஓட்டு இறவாணத்திலோ கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு இருந்தால் பந்தம் கொளுத்துகிற வீரம் வேண்டாம், அதற்கும் தீயணைப்புத் துறைதான்.

அஞ்சறைப்பெட்டி

தம்பி, உங்கள் அம்மாவை மனதில் வைத்து நான் சொல்கிறேன். சுத்தம் பண்ணுகிற ஆட்களை முன்கூட்டியே விட்டு, நீங்கள் போகும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வருகிறவர்களுக்குப் பழசு எல்லாம் குப்பைதான். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, மரக்கால், உரல் ஒருபக்கம் பழைய பாத்திரக் கடைக்குப் போகும். அதைவிடப் பெரிய இழப்பு காகிதம்: பத்திரம், வரி ரசீது, ஜாதகம், மொய் நோட்டு எல்லாவற்றையும் செல்லரித்தது என்று அள்ளிக் கொல்லையில் கொளுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நின்றுதான் பெட்டியும் பீரோவும் திறக்க வேண்டும்.

ஓட்டுவீடு

அக்கா சொல்வது சரி, ஆனால் முழுக்க விட்டுவிட்டால் பத்து நாளில் ஆறு நாள் துடைப்பத்தோடு போய்விடும். நடுவே ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டி வெளிவேலை மட்டும்: கொல்லைப் புதர், கூரை, தொட்டி, மோட்டார், சலதாரை அடைப்பு. உள்ளறைகளை நீங்கள் போன பிறகு திறங்கள்.

அஞ்சறைப்பெட்டி

அப்படியென்றால் சரி. உள்ளறை சுத்தத்துக்கு வருகிறேன். வறண்ட துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வௌவால் எச்சமும் எலிப்புழுக்கையும் காய்ந்து பொடியாக இருக்கும், பெருக்கினால் மூச்சோடு உள்ளே போகும். என்95 முகக்கவசம் போட்டு, கதவு சன்னல் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வழித்து எடுங்கள். அம்மாவுக்கு இளைப்பு இருந்தால் அந்த நேரம் அவர் அங்கே வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஒரு சொட்டுப் படக் கூடாது. அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்டும் நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்தது. ஆசிட் பட்ட இடம் பொங்கி, மழமழப்புப் போய், வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். பிறகு எந்தத் தேய்ப்புக்கும் திரும்பாது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். கட்டிப்பட்ட மண்ணை ஈரத்துணி போட்டு ஊறவைத்து மரச் சீவலால் சுரண்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லிசாக ஒரு தேய்ப்பு. உமியும் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பது பழைய வழக்கம், உமி கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய் கூடினால் வழுக்கும், பிள்ளைகள் ஓடுகிற வீடு.

பழைய அடுப்பின் கேஸ் டியூபைப் பயன்படுத்தாதீர்கள். எலி கடித்திருக்கும், கடிக்காவிட்டாலும் அந்த டியூபின் ஆயுள் 5 வருடம்தான், தேதி மேலேயே அச்சாகியிருக்கும். நெடுநாள் சிலிண்டர் எடுக்காத இணைப்பை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதற்கு அலைய வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிறு சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறக்க நாள் பார்க்க வேண்டுமா என்று அம்மா கேட்பார். இது புது வீடு இல்லை, பால் காய்ச்சத் தேவையில்லை. சாமி விளக்கைத் தேய்த்து ஏற்றினால் போதும், மார்கழியானாலும் தோஷமில்லை.

வயல்வரப்பு

பூட்டு? 9 வருடத் திண்டுக்கல் பூட்டு சாவிக்கு மசியாதே. தேங்காய் எண்ணெய் விடலாமா?

ஃபேஸ்நியூட்ரல்

வேண்டாம். எண்ணெய் உள்ளே உள்ள தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு அரை மணி பொறுத்து, பூட்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசியை வெளியேற்றி, காய்ந்ததும் பென்சில் முனையைச் சுரண்டிய பொடியைச் சாவியில் தடவி மெதுவாக விட்டு எடுங்கள். பலம் கொடுத்தால் சாவி உள்ளேயே ஒடியும்.

பட்டாதாரர்

போன கையோடு முடிக்க வேண்டிய காகித வேலை கொஞ்சம் உண்டு. வீட்டு வரி பாக்கியை ஊராட்சி வரி தளத்தில் இணையத்திலேயே கட்டலாம். ரசீது அப்பா பெயரில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள், பெயர் மாற்றத்துக்கு அதுதான் ஆதாரம். வீட்டு மனை அநேகமாக நத்தமாக (ஊர்க் குடியிருப்பு நிலமாக) இருக்கும், பட்டா பார்க்கிற அரசுத் தளத்தில் நத்தத்துக்குத் தனித் தெரிவு இருக்கிறது. வயலோடு சேர்த்துத் தேடினால் வராது, பட்டாவே இல்லை என்று பதறாதீர்கள்.

வாரிசுச் சான்று தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையம் வழியாக மனு. அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய ஆதார் வேண்டும். அக்கா தங்கை பெயரை விட்டுவிட்டு எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. விட்டுப்போன ஒரு பெயரால் பின்னாளில் எல்லாமே நின்றுவிடும்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பங்காளிகளுக்குள் வெள்ளைத்தாளில் எழுதிப் பதியாமல் விட்ட பாகப்பிரிவினை அதில் வராது. அதற்குத்தான் அக்கா சொன்ன அந்தப் பெட்டி. நாலு எல்லையையும் நடந்து பார்த்துப் படம் எடுங்கள், பக்கத்து வேலி நகர்ந்திருந்தால் அங்கேயே சண்டைக்கு நிற்காமல் சர்வேயருக்கு மனுக் கொடுங்கள்.

ஊர் வங்கிக் கணக்கு ஒன்று இருக்குமே, இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் அது செயலற்ற கணக்கு. 10 வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் கேட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்கு முன்னால் கேஒய்சி கொடுத்துவிடுவது சுலபம். வெளிநாட்டில் குடியிருப்பவர் அதைச் சாதாரணக் கணக்காக வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்கு) ஆக்க வேண்டும்.

அஞ்சறைப்பெட்டி

காகிதம், கரண்ட் எல்லாம் ஒருபக்கம். ஊரில் மனுஷரைப் பார்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, அதில் தவறினால் வருடக்கணக்கில் ஆறாது.

நீங்கள் இல்லாதபோது யார் யார் வீட்டில் சாவு என்று சித்தப்பா மகனிடம் பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துக்கம் கேட்கப் போவதுதான் முதல் வேலை, பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். செவ்வாய், வெள்ளி வேண்டாம். கையில் இனிப்பு, பூ கொண்டுபோகக் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" சொல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். வருடம் திரும்பாத வீட்டில் பொங்கல் வைக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாமா என்பதை உங்கள் பங்காளி வழக்கம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது மொய். அப்பாவின் நோட்டு கிடைத்தால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று இருக்கும். அதில் யார் வீட்டில் பிறகு காதுகுத்து, சடங்கு, கல்யாணம் நடந்தது என்று குறித்து, வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டி, ஒரு ரூபாய் சேர்த்துக் கவரில் போட்டு நேரில் கொடுங்கள். 500 வந்திருந்தால் இத்தனை வருடம் கழித்து 501 கொடுப்பது அழகில்லை. கொடுத்ததை அவர்கள் நோட்டில் அப்பா பெயர், ஊர் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதாத மொய் கணக்கில் நிற்காது. பந்தலில் கொடுக்காமல் போனதற்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், வந்து கொடுத்ததே பேசும்.

குலசாமி கோயிலில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது) எத்தனை வருடம் நின்றிருக்கிறது என்று கேட்டு, மொத்தமாகக் கட்டிவிடுங்கள். நம் பக்கம் எல்லாரும் கூடுவது மாசி சிவராத்திரிக்கு, தை மாதம் கோயில் பூட்டித்தான் இருக்கும். பூசாரிக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று அவரைக் கூப்பிடாதீர்கள், அவர் வீட்டிலும் மாடு இருக்கும்.

ஊருணி

சென்னையிலிருந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்களுக்கு: ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கில் இருக்க வேண்டாம். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வருகிறது, அங்கிருந்து திருப்பத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். போகிக்கு முந்தின நாள் டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு இரண்டு நாள் முன்னால் பாருங்கள்.

ஓட்டுவீடு

கடைசியாக, திரும்பிக் கிளம்புகிற அன்றைய வேலை. இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த தடவை திறந்த அன்றே படுக்கலாம்.

தொட்டியைக் காலி செய்து மூடியை இறுக்குங்கள். கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி, மேலே அரை டம்ளர் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் ஆவியாகாது, செப்டிக் டேங்க் வாடையும் கரப்பானும் மேலே வராது. செப்டிக் டேங்க் மூடிப் பலகையில் கம்பி தெரிந்தால் சுற்றிலும் முள் வைத்து அடையுங்கள், அதன்மேல் யாரும் நிற்கக் கூடாது. சலதாரைத் தூம்புக்குச் சின்னக் கண் கம்பிவலை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் செங்கல் மேல் நிறுத்துங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் தாவுகிறது. பத்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டு அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். மெயினை நிறுத்துங்கள்.

சாவியைச் சித்தப்பா மகனிடம் கொடுத்து, மாதச் சம்பளமாக ஒரு தொகை பேசிவிடுங்கள். உறவு என்பதால் சும்மா செய்யச் சொன்னால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். மாதம் ஒரு தடவை சன்னல் திறப்பது, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது, மழைக்குப் பிறகு ஒழுகிய இடத்தைப் படம் எடுத்து அனுப்புவது, சித்திரை வைகாசியில் ஓடு மாற்ற ஆள் விடுவது. இந்த நாலும் போதும்.

கொல்லைப்புறம்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன், மொய் நோட்டு எந்தப் பெட்டியில் என்று அவரே சொல்லிவிட்டார். மீட்டரைத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அட்டையில் இருந்த நுகர்வோர் எண் அழிந்துவிட்டது, பழைய ரசீதும் இங்கே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபேஸ்நியூட்ரல்

அதே போஸ்ட்டில் லைன் எடுக்கிற பக்கத்து வீட்டுக்காரரின் ஈபி எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதையும், மீட்டர் மேல் அச்சாகியிருக்கும் வரிசை எண்ணையும், அப்பாவின் பெயரையும் எழுதிப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்தால் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். மீட்டர் வரிசை எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து இங்கே போடாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.